பாஸ்போர்ட் இல்லாத பிரான்ஸ்

கேள்வி: தென் பிரான்ஸ் வாழ்க்கையைப் பார்க்க ஆசை. பாஸ்போர்ட் இல்லை. வழி உண்டா?
– ஒரு வாசகி, வடாலா, மும்பை

பதில்: உண்டு. தாதரில் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் ஏறினால் புதுச்சேரி. விசா வேண்டாம், டிக்கெட் கன்ஃபர்ம் ஆவதுதான் பெரும்பாடு.

அங்கே பெத்தாங்க் ஆடுவோரைத் தேடுங்கள். சின்ன மரக்குண்டை எறிந்துவிட்டு, இரும்புக் குண்டுகளை அதனருகே சேர்க்கும் ஆட்டம். மார்செய் பக்கத்து லா சியோதாவில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. மூட்டுவாதத்தால் ஓடிவந்து எறிய முடியாத ஒருவருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று விதியை மாற்றினார்களாம். மூட்டுவலிக்குச் சலுகை தந்த ஆட்டம், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் தமிழ்த் தாத்தாக்களைக் கவராமல் இருக்குமா?

மொழியா? 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. ஆனாலும் 1826இல் தொடங்கிய லிசே பள்ளியில் இன்றும் பிரெஞ்சில்தான் பாடம். என்ன, அது பாடப்புத்தகப் பிரெஞ்சு. அசல் தெற்கத்திக்காரர், பாரிஸ்காரர் விழுங்கிவிடும் கடைசி உயிரொலியைக்கூட விடாமல் இழுத்துப் பேசுவார். நம் கோவைக்காரரின் இழுவை மாதிரி.

இன்னொரு வசதி: தென் பிரான்ஸின் மோன்பெலியே நகரில் ஒருவரைச் சந்தித்தால் கன்னத்தோடு கன்னம் வைத்து மூன்று முத்தம் தரவேண்டும். புதுச்சேரியில் ஒரு வணக்கம் போதும்.