பறவைச்சந்தைக்குப் போற மருமவனுக்கு

ஏம்ப்பா மருமவனே, பாரீசுல பூச்சந்தையும் பறவைச்சந்தையும் பாக்கப் போறேன்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டியாமே. நல்லது. நான் அங்க மவ வூட்டுல கொஞ்ச நாள் கெடந்துட்டு வந்தவன். பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா பென்சன் வாங்குற குடும்பம் நம்ம பாகூர்ப் பக்கம் கொஞ்சமா? அங்க போயிட்டு வந்த எவனும் உனக்கு ஒழுங்கா வழி சொல்ல மாட்டான். நான் சொல்றேன், கேட்டுக்க.

மெட்ரோவுல நாலாம் நம்பர் லைனைப் புடிச்சு சித்தே ஸ்டேசன்ல எறங்கு. ஏகத்துக்கு ஆழம். லிஃப்ட் இருக்கு, ஆனா நீ வாலிபப் புள்ள, படியேறு. மேல வந்தா பச்சை பெயின்ட் அடிச்ச இரும்புக் கொட்டகைங்க வரிசையா நிக்கும். அதான் பூச்சந்தை. சேன் ஆத்து நடுத்தீவு அது. கொஞ்சம் நடந்தா நோத்ர தாம் கோயிலு.

நெப்போலியன் காலத்துல, 1808ல உத்தரவு போட்டு வச்ச சந்தை. அந்த மனுசன் ஆயுசு பூரா இங்கிலீசுக்காரனோட மல்லுக்கட்டுனான். அவங்க அவனை ஒரு தீவுல அடைச்சு வச்சு, சாகுற வரைக்கும் வெளிய விடல. 2014ல எலிசபெத் ராணி வந்துச்சு. மரியாதைக்கு அந்தம்மா பேரையே சந்தைக்கு வச்சுட்டாங்க! அவன் சமாதியும் அதே ஊர்லதான் இருக்கு. நல்ல வேளை, காது கேக்காது.

உள்ள நுழைஞ்சதும் முழம் என்ன வெலைன்னு கேட்டுத் தொலைக்காத. அங்க பாதி தொட்டிச் செடிதான்: ஆர்க்கிட், கள்ளி, ஆலிவ் கன்னு, எலுமிச்சைக் கன்னு. வெலைச் சீட்டு குத்தியிருப்பான். பேரம் பேசாம வாங்குனா உனக்கு ராத்திரி தூக்கம் வராதுதான், என்ன செய்ய? மல்லிச்சரம் வேணுமின்னா லா ஷப்பேல் பக்கம் நம்மாளுங்க கடைக்குப் போ. பேரமும் அங்கயே பேசிக்க.

முக்கியமானது ஒண்ணு. சாமந்தி குலுங்கக் குலுங்க நிக்குதேன்னு ஒரு தொட்டியத் தூக்கிட்டு பிரெஞ்சுக்காரன் வூட்டு விருந்துக்குப் போயிடாத. நவம்பர் 1 சகல புனிதர் திருநாளுக்கு அவங்க கல்லறையில வைக்கிற பூ அது. நாம அய்யனாரு, மாப்பிள்ளை, மந்திரி, பாடைன்னு வித்தியாசம் பாக்காம சாமந்தி சாத்துற சனம். அவனுக்கு அந்தப் பெரிய மனசு கெடையாது. வூட்டுக்காரம்மா வாங்கி வச்சுக்கும், சிரிக்கும். அடுத்த விருந்துக்குக் கூப்பிடாது. திரும்பக் கூப்பிட வேணாம்னு நெனைக்கிற வூடு எதுனா இருந்தா, தாராளமா வாங்கு.

மே மாசம் போனீன்னா இன்னொரு கூத்து. 1ஆம் தேதி மட்டும் முகே பூவை யாரு வேணா ரோட்டுல நின்னு விக்கலாம், லைசென்சு கேக்க மாட்டான். வெள்ளையா குட்டிக்குட்டி மணியாட்டம் தொங்குற பூ. எங்கிட்ட வாங்குன கடனை நெனச்சுக்கிட்டு நீயும் ஒரு கூடையோட நில்லு.

இப்ப பறவைக்கு வரேன். ஞாயித்துக்கிழமைகள்ல அதே எடத்துலதான் கேனரி, குருவி, லவ் பேர்ட்சுன்னு கூண்டு கூண்டா விப்பாங்க. விப்பாங்கன்னா, வித்தாங்க. காட்டுக் குருவியைக் கண்ணி வச்சுப் புடிச்சு கள்ளத்தனமா விக்கிறாங்க, கூண்டுல அடைக்கிறது கொடுமைன்னு சத்தம் கெளம்பி, 2021 பிப்ரவரியில மாநகர சபை ஓட்டுப் போட்டு அந்தச் சந்தைய மூட முடிவெடுத்துடுச்சு. கள்ளக் குருவி வித்ததாச் சொல்ற எடத்துக்குப் பக்கத்துக் கட்டடம் எது தெரியுமா? போலீசுத் தலைமையகம்! அந்தத் திடலுக்குப் பேரே லூயி லெப்பீன்னு ஒரு பழைய போலீசுப் பெரியவர் பேருதான். வெளக்குக்கு அடியில இருட்டுன்னு நம்மாளு சும்மாவா சொன்னான்.

இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு மொறைக்கிறியா? தண்டோரா போடறப்ப என்னைக் கேட்டியா?

அத்தைக்குப் பச்சைக்கிளி வாங்கியாரேன்னு வேற வாக்குக் குடுத்திருக்க. நம்மூர்லயே பச்சைக்கிளிய அடைச்சு வச்சா 1972 வனவிலங்குச் சட்டத்துல கேசு. 2024 தேர்தல்ல கடலூர்ல ஒரு வேட்பாளர் செயிப்பாருன்னு கிளி சீட்டெடுத்துச்சு. வனத்துறை வந்து சோசியரைப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க. வேட்பாளரும் செயிக்கல. அவரு சோசியத்தைக் கேட்டாரு, கிளி சோசியருக்கு என்ன வரும்னு எவனும் கேக்கல.

கிளி பாத்தே ஆவணும்னா அந்தச் சந்தைய வுட்டுட்டு நகரத்துக்குத் தெக்கால சோ தோட்டத்துக்குப் போ. கழுத்துல செவப்பு ஆரம் போட்ட நம்மூரு சாதிக் கிளிங்க கூட்டங்கூட்டமா மரத்துல கத்தும். 1970கள்ல ஓர்லி விமான நிலையத்துல பொட்டியிலேர்ந்து தப்பிச்சுப் பறந்ததோட வாரிசுங்கன்னு சொல்றாங்க. பனியையும் தாங்கிக்கிட்டு, குஞ்சு பொரிச்சு, பேரன் பேத்தி எடுத்து ஒக்காந்திருக்கு. இதுவரைக்கும் விசா கேட்ட ஆளில்ல. நீ மட்டும் தொண்ணூறு நாள் முடியறதுக்குள்ள மறக்காம பொட்டியக் கட்டிடு.