ஆள் ஊரில் இல்லை

கடன்காரர் ஒளிந்துகொள்வதில் உடல் உழைப்பு இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில்தான் நான் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். முன்சீப் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் எங்கள் அய்யாவின் ஆபீஸ். பிராது சொல்வது அய்யா, தட்டச்சு அடிப்பது நான், ஸ்டாம்பு ஒட்டுவது நான், பேட்டா கட்டுவது நான். கடைசியில் அமீனாவோடு பஸ் ஏறிப் போய், "இவருதானுங்க பிரதிவாதி" என்று ஆளைக் காட்டிக்கொடுப்பதும் நான்தான். சட்டப்படி பார்த்தால் சம்மன் கொண்டுபோகிறவர் பிராசஸ் சர்வர். ஜப்திக்கும் வாரண்டுக்கும் வருகிறவர்தான் அசல் அமீனா. ஆனால் கோர்ட்டிலிருந்து பையோடு யார் வந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அவர் அமீனாதான். நானும் ஊர்க்காரன்.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் புரோநோட்டு வழக்குகள். நோட்டுக்கு மூன்று வருஷம் ஆயுசு. கடன் கொடுத்தவர் 'பங்காளி ஆச்சே' என்று இரண்டே முக்கால் வருஷம் பொறுத்திருந்துவிட்டு, காலாவதிக்கு நாலு நாள் இருக்கும்போது வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவார். பிராது நம்பர் ஆகும். சம்மன் கிளம்பும். அன்றிலிருந்து பிரதிவாதி ஊரில் இருக்கமாட்டார்.

சிவில் நடைமுறைச் சட்டம் 1908-ஆம் வருஷத்தது. அதில் 5-ஆவது கட்டளை முழுக்க, ஒரு காகிதத்தை ஒரு மனிதனிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. முப்பது விதிகள். கையில் கொடு, ஆள் இல்லையென்றால் குடும்பத்தில் வயது வந்தவரிடம் கொடு, வேலைக்காரர் குடும்பத்தில் சேர்த்தி இல்லை, வாங்க மறுத்தால் கதவில் ஒட்டு. 1976-ல் திருத்தம் வரும்வரை, குடும்பத்தில் வயது வந்த ஆண்தான் வாங்கலாம் என்று இருந்தது. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில், சட்டத்தின் கண்ணுக்கு யாருமே இல்லை. திருத்தம் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் எங்கள் பக்கத்துப் பெண்கள் பழைய சட்டத்தையே கைவிடாமல் வைத்திருந்தார்கள். "ஆம்பளைங்க இல்லாதப்ப நாங்க எதையும் வாங்கறதில்லீங்."

முதல் பஸ்ஸில் போவோம். இறங்குகிற இடத்தில் டீக்கடை. அமீனாவின் தோளில் தொங்கும் ரெக்சின் பையைப் பார்த்ததுமே கடையிலிருந்து ஒரு பையன் சைக்கிளை எடுப்பான். அந்தச் சைக்கிள் எங்களுக்கு முன்னால் போய்ச் சேராத வீடு கிடையாது. நாங்கள் போய் நிற்கும்போது கொடியில் ஆம்பளைத் துண்டு ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். வட்டிலில் பாதிக் களி. வீட்டுக்காரம்மா முந்தானையில் கை துடைத்தபடி வருவார்.

"அவிங்க ஊர்ல இல்லீங்களே. பழனிக்குப் போயிருக்காங்க."

"எப்பங்கம்மிணி வருவாரு?"

"பாதயாத்திரைங். எப்படிங்க சொல்ல முடியும்?"

தைப்பூசம் முடிந்து நாலு மாசம் ஆகியிருக்கும். அமீனா மறுபேச்சு பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து பேனாவைத் திறப்பார். அப்போது மேலே அட்டாலியில், மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். "பூனைங்" என்பார் அந்த அம்மா. நடையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மட்டும் மேலே பார்த்து, "பூனையாமா, அப்பா" என்று சொல்லிச் சிரிக்கும். அமீனா எழுதுவார்: பிரதிவாதி வெளியூர் சென்றிருப்பதாக அவர் மனைவி சொன்னார், திரும்பும் நாள் தெரியவில்லை, சம்மன் சார்பு செய்யப்படவில்லை.

ஏன் அட்டாலி ஏறவில்லை என்று கேட்காதீர்கள். வாதி தரப்பு கவனித்தால் ஆள் இருப்பார்; பிரதிவாதி தரப்பு கவனித்தால் ஆள் இருக்கமாட்டார்; இரண்டு தரப்பும் கவனித்தால் வீடு பூட்டியிருக்கும். பேட்டா என்று கோர்ட்டில் கட்டுகிற பணம் பஸ் டிக்கெட்டுக்கே பற்றாது. அதை வைத்துக்கொண்டு நேர்மையையும் வாங்க வேண்டுமென்றால் எப்படி?

சம்மனை வீட்டில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. சந்தை, நோம்பி, துக்க வீடு, எங்கே ஆள் அகப்பட்டாலும் கொடுக்கலாம். துக்க வீட்டில் மட்டும் எங்கள் அமீனா கொடுக்கமாட்டார். அது அவர் தனக்கென்று வைத்திருந்த சட்டம். கல்யாண வீட்டில் தாராளமாகக் கொடுப்பார். ஒரு கல்யாணத்தில் பிரதிவாதி மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. பந்தியில் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார். நாங்களும் இலை பிடித்து உட்கார்ந்துவிட்டோம். மனிதர் குனிந்து சாம்பார் ஊற்றும் நேரம் பார்த்து, அமீனா அவர் பேரைச் சொன்னார். "சொல்லுங்" என்று வாய் தானாக வந்துவிட்டது. ஒரு கையில் வாளி, ஒரு கையில் கரண்டி. சம்மன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மோர் வந்தபோது எங்கள் இரண்டு இலைகளை மட்டும் தாண்டிக்கொண்டு போனார்.

மறுத்தால் அப்படியே விட்டுவிட முடியாது. 17-ஆவது விதிப்படி வீட்டின் வெளிக்கதவில் நகலை ஒட்டி, யார் முன்னிலையில் ஒட்டினோம் என்று எழுத வேண்டும். பசைக்குப் பழைய சோற்றுக் கஞ்சியை டப்பாவில் கொண்டுவருவார் அமீனா. அன்றைக்கு ஒட்டி முடித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கித் திரும்பிப் பார்த்தால், பிரதிவாதியின் வெள்ளாடு பின்னங்காலில் நின்று சம்மனில் பாதியைத் தின்றிருந்தது. கதவில் காகிதமே இல்லை என்று பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். எங்கள் அய்யா எழுந்தார். "பிரதிவாதியின் வீட்டைச் சேர்ந்த ஒருவர் பெற்றுக்கொண்டிருக்கிறார், யுவர் ஆனர்." முன்சீப் தலையைக் குனிந்துகொண்டே, சார்பு செல்லும் என்று எழுதினார்.

டிகிரி ஆன பிறகு கைது வாரண்டோடு போவது இன்னொரு கலை. சட்டத்தின் 55-ஆவது பிரிவு, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்கிறது. பேர் எழுதத் தெரியாதவருக்குக்கூட இந்தப் பிரிவு அத்துபடி. ஒரு சாயங்காலம் நாங்கள் கடைசி பஸ்ஸில் போய் இறங்கியபோதே வெயில் பனைமரத்து உச்சிக்கு ஏறிவிட்டது. கதவு தாழ்ப்பாள். தட்டத் தட்டத் திறக்கவில்லை. வீட்டுக்குள் விளக்கு ஏற்றியதும் கதவு தானாகத் திறந்தது. மனிதர் குளித்து, திருநீறு பூசி, வாசற்படிக்கு உள்பக்கமாக நின்றார். வெளியே ஒரு கால் வைத்தாலும் பிடிக்கலாம், வைக்கவில்லை. "ரொம்ப நேரமா நிக்கறீங்க போலிருக்குதுங்கண்ணா. டீ சாப்பிட்டுப் போங்க." டம்ளர் மட்டும் படியைத் தாண்டி நீண்டது. குடித்தோம். திரும்ப பஸ் இல்லை. அவர் மச்சினன்தான் டி.வி.எஸ்.-50-யில் மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டார்.

கட்ட வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். அவசியமான தீர்ப்பு. எங்கள் கோர்ட்டில் அதை நான் முதன்முதலாகக் கேட்டது, ஒரு ரைஸ்மில் முதலாளிக்காக அவருடைய வக்கீல் வாசித்தபோது.

ஜப்திக்கும் ஏலத்துக்கும் தண்டோரா உண்டு. கடன்பட்டவரின் மானம் தெருவுக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. யாருடைய மானம் என்பதில்தான் கோளாறு. பறையடிக்க வந்தவரை வேறு நாளில் அந்தத் தெருவில் செருப்போடு நடக்க விடமாட்டார்கள். கோர்ட்டு உத்தரவைச் சொல்ல மட்டும் அவர் குரல் வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொல்லி கலெக்டர்களுக்கு எழுதியது. பழையவற்றில் இந்த ஒன்றுக்காக நான் ஒருநாளும் ஏங்கியதில்லை.

ஆள் அகப்படவே இல்லையென்றால் கடைசி வழி பேப்பர் விளம்பரம். இன்ன தேதி காலை 10.30 மணிக்கு நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும் என்று பொடி எழுத்தில் வரும். பிரதிவாதியைத் தவிர அவர் சம்பந்தி, சகலை எல்லோரும் படித்துவிடுவார்கள். எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகும். சொத்து ஏலத்துக்கு வரும் என்று தெரிந்ததும், பழனிக்கு நடந்துபோனவர் ஒரே நாளில் திரும்பி வந்து, "எனக்குச் சம்மனே வரவில்லை" என்று சத்தியப் பிரமாணம் தாக்கல் செய்வார். செலவுத் தொகை கட்டச் சொல்லி கோர்ட் மனுவை அனுமதிக்கும். வழக்கு மறுபடி முதலிலிருந்து.

இதையெல்லாம் விஞ்ஞானம் தீர்த்துவிடும் என்றார்கள். 2002 திருத்தத்தில் கூரியர், ஃபேக்ஸ், இமெயில் எல்லாம் வந்தன. சேலத்து வக்கீல்கள் சங்கம் அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது, திருத்தம் நின்றது. கூரியர்காரர் சும்மா எழுதிக்கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் அங்கே பேசப்பட்டது. அமீனாக்களை அறிந்தவர்கள் பேசிய பேச்சு. 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைத் திறந்து பார்த்ததற்கு நீல டிக் இருக்கிறது, அதுவே போதும் என்றது. எங்கள் ஊரில் அந்தச் செய்தி வந்த வாரமே நீல டிக்கை அணைத்துவைப்பது எப்படி என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 2020 ஜூலையில், கொரோனாவில் ஊரே பூட்டிக்கிடந்தபோது, உச்ச நீதிமன்றமும் இமெயில், வாட்ஸ்அப் வழியை அனுமதித்தது. அந்த ஆண்டில்தான் பிரதிவாதிகள் அத்தனை பேரும் வீட்டில் இருந்தார்கள்; வெளியே போகமுடியாதவர் அமீனா.

இப்போது ஆபீசைச் சின்ன அய்யா பார்க்கிறார். நான் பழக்கத்துக்காகப் போய் உட்காருகிறேன். அமீனா கையில் ஸ்மார்ட்போன். 'என்ஸ்டெப்' என்று இ-கோர்ட் செயலி. எந்த வாசலில் நின்றார் என்பதை ஜி.பி.எஸ். பதிந்துகொள்கிறது. முன்பு டீக்கடையில் உட்கார்ந்தே 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதலாம். இப்போது வீடு வரை போய் அதையே எழுத வேண்டியிருக்கிறது. சைக்கிள் பையனுக்கும் வேலை போய்விட்டது. இ-கோர்ட் தளத்தில் தன் பேரைத் தானே தட்டினால் வழக்கு நம்பர், வாய்தா தேதி எல்லாம் வருகிறது. எந்த வாரம் வெளியூர் கிளம்ப வேண்டும் என்பதைக் கோர்ட்டே சொல்லிவிடுகிறது.

சின்ன அய்யாவின் ஜூனியர் தம்பியோடு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன், அமீனாவோடுதான். பிரதிவாதி நூல் வியாபாரி. கேட்டில் செக்யூரிட்டி, "டெலிவரிங்களா?" என்றார். கோர்ட் என்றதும் செயலியில் அனுமதி கேட்டார். மறுத்து பதில் வந்தது. எங்கள் கண்ணெதிரே பிரியாணி உள்ளே போனது. ஒருவழியாக மேலே ஏறிப் பெல்லை அழுத்தினோம். பெல்லுக்குள் கேமரா, அதற்குள்ளிருந்தே பிரதிவாதியின் குரல் வந்தது. "நான் வீட்ல இல்லீங்களே." எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தம்பி கேட்டான். "ஊட்டிங்." உள்ளே டி.வி.யில் கிரிக்கெட் ஓடியது. விக்கெட் விழுந்தபோது கதவுக்குப் பின்னாலும் பெல்லிலும் ஒரே நேரத்தில் "ச்சே" கேட்டது. பாவம், அந்தக் காலத்து மனைவிமார்கள். பொய் சொல்லவாவது அவர்கள் தேவைப்பட்டார்கள்.

தபாலும் அப்படித்தான். சரியான விலாசத்துக்குப் பதிவுத்தபால் போட்டால் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று 1897-ஆம் வருஷத்துப் பொது உட்பிரிவுகள் சட்டம் சொல்கிறது. பதிவுத்தபாலையே 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிட்டார்கள். செக் கேஸில் நோட்டீஸே வரவில்லை என்று சாதிக்கிறவர்களுக்கு 2007-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி வைத்தது: சரி, கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளில் பணத்தைக் கட்டிவிடு. அருமையான வழி. அதற்குச் சம்மன் கிடைத்தாக வேண்டும்.

நிஜக் காகிதம் இந்தப் பாடு படும்போது, பொய்க் காகிதம் ஒரே நொடியில் போய்ச் சேருகிறது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிற கூட்டம். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். அடுத்த வருஷம், தன் பெயரிலேயே போலி உத்தரவுகள் சுற்றுவதைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது.

சமீபத்தில் ஒருவர் ஆபீசுக்குள் ஓடிவந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. முத்திரை போட்ட நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்ததாம். கேமரா முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்றார்களாம். ஒரு ராத்திரி முழுக்க ஒன்றுக்குக்கூட அனுமதி கேட்டுப் போயிருக்கிறார். பேரைக் கேட்டதும் தம்பி என்னைப் பார்த்தான். எங்கள் நூல் வியாபாரிதான்.

"எங்க சம்மனை மட்டும் வாங்க மாட்டேன்னுட்டீங்களே?" என்றேன்.

"அது நம்ம முன்சீப் கோர்ட்டுதானுங்கண்ணா. இது சி.பி.ஐ.ன்னு சொன்னாங்களே."

"சரி, எங்ககிட்ட எப்படி வந்தீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஆபீசு இது ஒண்ணுதானுங். வருசக்கணக்கா லெட்டர் போடறீங்க."

முதலில் 1930-க்கு போன் போட்டு, புகாரைப் பதிய வைத்தேன். பணம் இன்னும் போயிருக்கவில்லை. அவருக்கு மூச்சு சீரானதும் ஒரு டீ சொன்னேன். தம்பி சத்தமில்லாமல் எழுந்து, அமீனாவைக் கூப்பிட எதிரே கோர்ட்டுக்குப் போனான்.