பசியாவரத்து இறால் கணக்கில் கூட்டற்குறிப் புணர்ச்சி: ஓர் ஆய்வு

பழவேற்காடு ஏரியைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதாமல் விட்டது கொஞ்சம்தான். பூநாரை எழுதியாயிற்று. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியா கோட்டை எழுதியாயிற்று. முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவது ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறைவைக்கிற பாடு முறையைப் பற்றி செபாஸ்டியன் மேத்யூ 1991இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காகத் தனி அறிக்கையே எழுதியிருக்கிறார். ஆனால் பாடு கிடைத்து, வலை கட்டி, இறால் விழுந்து, கூடை கரைக்கு வந்தபின் காலை எடையையும் சாயந்திர எடையையும் எப்படிக் கூட்டுவது என்பது குறித்து ஓர் ஆய்வும் எம் கண்ணில் படவில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுக்களம் பசியாவரம். திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டுக்கு எதிரே, ஏரி நீர் சூழ்ந்து கிடக்கும் ஊர். நெடுங்காலம் அங்கே போக வர படகுதான். அவ்வூரில் ஒரு வீட்டை யாமே கற்பனையில் கட்டிக்கொண்டோம். ஆய்வாளன் கட்டும் வீட்டுக்குப் பட்டா தேவையில்லை. வீட்டில் அப்பா ஏரிக்குப் போகிறார். அம்மா இறாலை விற்கிறார், கணக்கும் அவரிடம்தான். மகள் பொன்னேரிக்குக் கல்லூரி போய்க் கணினி படிக்கிறாள். நோட்டில் பென்சிலால் கணக்கெழுதும் அம்மாவுக்கு உதவ, போனில் திறக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நான்கு பெட்டி: காலை எத்தனை கிலோ, சாயந்திரம் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, டீசலும் ஐஸும் சேர்த்துச் செலவு எவ்வளவு. கீழே ஒரு பொத்தான்.

அம்மா 12, 15, 300, 600 என்று தட்டிப் பொத்தானை அழுத்தினார். மொத்த இறால் 1215 கிலோ. செலவு போகக் கையில் நிற்பது 3,63,900 ரூபாய்.

“இன்னாடி இது, ஏரியவே எடை போட்டுட்டியா?”

“இல்லம்மா, போன்தான் தப்பா காட்டுது.”

போன்மேல் பழி போடுதல் தொடக்கநிலையாளரின் முதல் மெய்ப்பாடு. இரண்டாவது, பக்கத்தை மூடித் திறத்தல். மூன்றாவது, அதே எண்களை இன்னும் அழுத்தமாகத் தட்டுதல். மகள் மூன்றையும் முறைப்படி செய்து முடித்தபின்தான் ஆய்வு தொடங்குகிறது.

பெட்டியில் எதைத் தட்டினாலும் ஜாவாஸ்கிரிப்டின் கைக்கு அது எழுத்தாகத்தான் வருகிறது. வேல்யூ என்று கேட்டால் கிடைப்பது 12 என்ற எண் இல்லை. ஒன்று, இரண்டு என்ற இரு குறிகள் அடுத்தடுத்து நிற்கும் ஒரு சரம். கூட்டற்குறிக்கு அம்மொழியில் இரண்டு உத்தியோகம். இரு பக்கமும் எண் நின்றால் கூட்டும். ஒரு பக்கம் சரம் நின்றால் போதும், மற்றதையும் சரமாக்கி ஒட்டிவிடும். பன்னிரண்டும் பதினைந்தும் ஒட்டினால் ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து. நன்னூல் படித்தவர்க்கு இது புதிதன்று: நிலைமொழியும் வருமொழியும் ஒரு மாற்றமும் இல்லாமல் சேர்ந்து நிற்பது இயல்புப் புணர்ச்சி. தமிழாசிரியர் முழு மதிப்பெண் போடுவார். இறால் வியாபாரி போடமாட்டார்.

இங்கே ஓர் ஐயம் எழும். பெருக்கல் சரியாக வந்ததே? 1215ஐ 300ஆல் பெருக்கி 3,64,500 என்றது பிழையற்ற பெருக்கல். அதில் 600ஐக் கழித்ததும் சரி. ஆம். பெருக்கலுக்கும் கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் ஒட்டும் வேலை கிடையாது. ஆகவே சரத்தைக் கண்டால் அவை தாமாகவே எண்ணாக மாற்றிக்கொள்கின்றன. நான்கு பேரில் மூவர் ஒழுங்காக வேலை பார்ப்பதால்தான் நான்காமவர்மேல் சந்தேகம் வரத் தாமதமாகிறது. மகளும் விலைப் பெட்டியைத்தான் வெகுநேரம் குடைந்துகொண்டிருந்தாள்.

இம்மொழியை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் வடிவமைத்தார் என்பது வரலாறு. பத்து நாளில் பிறந்தது முப்பது ஆண்டாக ஓடுகிறது என்றால் அதன் தழும்புகளையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்றை மாற்றினால் அதை நம்பி ஓடும் பக்கங்கள் எத்தனை உடையுமோ என்று இன்றுவரை எவரும் அந்தக் கூட்டற்குறியில் கை வைக்கவில்லை.

பரிகாரங்களுக்கு வருவோம். பெட்டியின் வகையை ‘நம்பர்’ என்று மாற்றினால் போதும் என்று ஒரு சாரார். அற்றன்று. அப்படி மாற்றினால் போனில் எண் விசைப்பலகை வரும், அது நல்லதே. வேல்யூ மட்டும் சரமாகவே வரும். மதில்மேல் வெள்ளையடித்த கதை. உண்மையான மருந்து, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு நம்பர் என்ற செயற்கூற்றுக்குள் போட்டு எண்ணாக்குவது. மகள் காலை எடைக்கு அதைப் போட்டாள். விடை மீண்டும் 1215. ஒரு பக்கம் சரம் நின்றால் போதும் என்ற விதி இங்கே வேலை செய்கிறது: சாயந்திர எடையும் மாறவேண்டும். பாதி மருந்து பத்தியத்தையும் கெடுத்தது.

இரண்டையும் மாற்றினாள். அப்போதும் 1215. யாம் இவ்வாய்வில் அதிகம் மகிழ்ந்த இடம் இதுவே. அவள் திரையில் அழகாக வரட்டும் என்று ‘மொத்தம்’ என்ற சொல்லை முன்னால் வைத்து, அதனோடு காலை எண்ணையும் சாயந்திர எண்ணையும் ஒரே வரியில் கூட்டியிருந்தாள். மொழி இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் ‘மொத்தம்’ என்ற சரத்தோடு 12 ஒட்டியது; ஒட்டியது சரம். அதனோடு 15ம் ஒட்டியது. ‘கிலோ’ என்ற சொல்லைப் பின்னால் வைத்திருந்தால் முதலில் எண்கள் கூடி, பிறகு சொல் ஒட்டி, 27 கிலோ என்று வந்திருக்கும். பிழை இருப்பதே தெரிந்திருக்காது. எண்களை அடைப்புக்குறிக்குள் போட்டு முதலில் கூட்ட வேண்டும். அதைவிட, கூட்டலைத் தனி வரியில் முடித்துவிட்டு அலங்காரத்தை அடுத்த வரியில் வைத்துக்கொள்வது மேல் என்பது எம் துணிபு.

27 வந்தது. வந்த வேகத்தில் மறைந்தும் போனது, இதற்கிடையில் அவள் பெட்டிகளையும் பொத்தானையும் ஒரு படிவத்துக்குள் போட்டிருந்ததால். படிவத்துக்குள் இருக்கும் பொத்தானுக்கு வகை சொல்லாவிட்டால் அது படிவத்தை அனுப்பிவிடும். பக்கம் புதிதாகத் திறக்கும், பெட்டிகள் காலியாகும். ‘பட்டன்’ என்று வகை குறித்தால் தீர்ந்தது. இதில் ஆய்வுக்குரிய ஆழம் ஏதுமில்லை.

இனி விகாரப் புணர்ச்சி. நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று சொன்னார். மூன்றும் ஜாவாஸ்கிரிப்டில் உண்டு என நிறுவுவோம்.

கெடுதலுக்குச் சான்று பார்ஸ்-இன்ட் என்ற செயற்கூறு. மகளின் தோழி சொன்னாள் என்று நம்பரை எடுத்துவிட்டு அதைப் போட்டால், 12.750 கிலோ 12 ஆகும். முக்கால் கிலோ இறால் கெட்டது. ஐஸ் இல்லாமல் இல்லை, இலக்கணத்தால். பார்ஸ்-ஃப்ளோட் புள்ளிக்குப் பின்னாலும் படிக்கும், ஆனால் புரியாத குறி வந்த இடத்தில் படிப்பை நிறுத்திக்கொள்ளும். “12 கிலோ” என்று எழுதினால் 12 என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ளும். அம்மா நோட்டுப் பழக்கத்தில் காற்புள்ளி வைத்து “1,250” என்று செலவு எழுதினால், அதே பெருந்தன்மையோடு 1 என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் டீசல் ஒரு ரூபாயானால் வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், பங்க்காரர் வரும்வரை.

திரிதல் நம்பருடையது. அதற்குப் பெருந்தன்மை கிடையாது. “12 கிலோ” என்றாலும் “1,250” என்றாலும் நேன் என்று திரிந்துவிடும். எண் அல்லாதது என்று இதற்குப் பெயர்; நீ என்ன வகை என்று அதையே கேட்டால் எண் வகை என்று பதில் சொல்லும். 1985இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரத்தின்படி நேன் தனக்குத்தானே சமமும் இல்லை. ஆகவே விடை நேனா என்று சமக்குறி போட்டுச் சோதிப்பவர்க்கு ஆயுளுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும். அதற்கென உள்ள இஸ்-நேன் கொண்டே கேட்க வேண்டும். கணக்குக்கு இந்தக் கறாரே நல்லது. தப்பை மறைக்கிற பார்ஸ்-ஃப்ளோட்டைவிட, தப்பைக் காட்டி முறைக்கிற நம்பரை யாம் பரிந்துரைக்கிறோம்.

ஆனால் ஓரிடத்தில் நம்பர் சறுக்குகிறது. காலிப் பெட்டியைக் கொடுத்தால் பூஜ்யம் என்கிறது. பாடு தெரிந்த ஊரில் இது சிறிய பிழையன்று. வலை கட்டி ஒன்றும் விழாத நாள் பூஜ்யம். நம் முறை இல்லாததால் வலையே கட்டாத நாள் வெறுமை. இரண்டையும் ஒன்றாக்கி மாதச் சராசரி போட்டால், நன்றாகப் பிடிக்கும் வலைகூட மோசமான வலையாகிவிடும். அம்மாவின் நோட்டில் இந்த வேறுபாடு உண்டு: ஒன்றில் சுழி போட்டிருப்பார், மற்றதில் கோடு கிழித்திருப்பார். எண் வகைப் பெட்டியிலோ நிலைமை இன்னும் மோசம். எண் அல்லாத எதையாவது தட்டினால் அதன் வேல்யூ வெறுஞ்சரமாகும். நம்பர் அதைப் பூஜ்யமாக்கும். ஆக, மாற்றும் முன் பெட்டி காலியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

எஞ்சியது தோன்றல். 100 கிராமும் 200 கிராமும் கூட்டச் சொன்னால், அதாவது 0.1ம் 0.2ம், ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 கிலோ என்கிறது. கடைசி நான்கு எங்கிருந்தோ தோன்றியது. அந்த அதிகப்படி இறாலின் எடை 0.04 பிகோகிராம். குடலில் வாழும் ஈ-கோலை பாக்டீரியா ஒன்றின் எடை ஏறக்குறைய ஒரு பிகோகிராம்; அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதற்கு விலை கேட்கும் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை, ஆனால் திரையில் பதினேழு இலக்கம் நீண்டு நிற்பதைப் பார்த்தால் அம்மாவுக்கு நம்பிக்கை போய்விடும்.

இதன் காரணத்தில்தான் எமது மாகாணிக் கோட்பாடு பிறக்கிறது. கணினி இரண்டு இரண்டாகப் பிரித்தே எண்ணுகிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் இரண்டால் பிரித்துப் பிரித்து வந்தவை. மாகாணி பதினாறில் ஒன்று. இவற்றைக் கணினி ஒரு துளி பிசகாமல் வைத்துக்கொள்ளும். பத்தில் ஒன்றையோ அதனால் சரியாக எழுத முடியாது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஜாவாஸ்கிரிப்ட் இருந்திருந்தால் அணாக் கணக்கில் இந்த வால் முளைத்திருக்காது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. தசம எடை வந்தது. வாலுக்கும் வழி வந்தது. நம் முன்னோர் கணினிக்காகவே கீழ்வாய் இலக்கம் வகுத்தார்கள் என்று யாரேனும் மேடையேறிவிடாதபடி ஒன்று சொல்லிவிடுகிறோம்: முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அதற்குள் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது, அங்கே கணினி பத்தில் ஒன்றைப் போலவே தடுமாறும். மருந்து எளிது. எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணில் வைத்துக் கூட்டிவிட்டு, காட்டும்போது மட்டும் கிலோவாக்கவும்.

மகள் அப்படிச் செய்யவில்லை. டு-ஃபிக்ஸ்ட் என்பதைப் போட்டு இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினாள். திரையில் 27.00 என்று ஒழுங்காக வந்தது. அப்போது அப்பா இன்னொரு மூன்று கிலோ கொண்டுவந்து வைத்தார். கூட்டினாள். 27.003 வந்தது. டு-ஃபிக்ஸ்ட் திருப்பித் தருவது சரம். பழைய நோய் வேறு வேடத்தில் வந்தது: முதலில் பதினைந்து கிலோவை ஆயிரத்துச் சொச்சமாக்கியது, இப்போது மூன்று கிலோவை மூன்று கிராமாக்கியது. முதல் பிழையை அம்மா பார்த்த நொடியில் பிடித்தார். இதை எவரும் பிடிக்கவில்லை, விடை 27க்குப் பக்கத்தில் இருந்ததால்.

வகை மாற்றத்தைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட் ஒரு நிமிடம்கூட ஓடாமல் சிதறியதற்குக் காரணம், 64 பிட் எண்ணொன்றை 16 பிட்டுக்குள் திணித்த ஒரு வரி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறுவதை ஏரிக்கரையில் நின்று பார்த்து வளர்கிற ஊரில் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கூட்டலோடு இவ்வாய்வு முடிகிறது என்றாலும், மகள் ஐந்தாவதாக ஒரு பெட்டி சேர்த்திருப்பதால் வகுத்தலையும் தொட்டுவிடுகிறோம். எத்தனை பங்கு என்பது அப்பெட்டி: ஆளுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. அம்மா அதை நிரப்ப மறந்தார். நம்பர் அதைப் பூஜ்யமாக்கியது. 27 கிலோவுக்குச் செலவு போக நின்ற 7,500 ரூபாயைப் பூஜ்யத்தால் வகுத்ததும் ஜாவாஸ்கிரிப்ட் சண்டை பிடிக்காமல், பங்குக்கு இன்ஃபினிட்டி ரூபாய் என்று அறிவித்தது. பெட்டியிலேயே குறைந்தபட்சம் ஒன்று என்று குறித்துவிட்டால் போதாதா என்றால், போதாது; அந்தச் சோதனை படிவம் அனுப்பப்படும்போதுதான் தானாக நடக்கும், நாமோ பொத்தானின் வகையை முன்பே மாற்றிவிட்டோம். பங்கு ஒன்றுக்குக் குறைந்தால் வகுக்காதே என்று ஓர் இஃப் வரி எழுதவும். அப்பா காதில் விழுமுன் எழுதவும்.