அர்ச்சுனன் தேறாத போட்டி

கோத்தகிரிக் குளிரில் டீ கிளாஸே கையில் ஆடுகிறது. ஏர் பிஸ்டல் வீரர்களின் கை மட்டும் ஆடாமல் நிற்பது எப்படி?
– ஒரு வாசகர், கோத்தகிரி

நிற்பதில்லை, 10 மீட்டர் தொலைவில் உள்ள, 11.5 மி.மீ. விட்டமே கொண்ட பத்துப் புள்ளி வட்டத்தை நோக்கி ஒற்றைக் கையில் நீட்டப்படும் துப்பாக்கி ஒலிம்பிக் சாம்பியன் கையிலும் ஆடுவதால், அந்த ஆட்டத்துக்கு நடுவிலேயே விசையைச் சீராக அழுத்தப் பழகுவதுதான் பயிற்சி.

கை ஆடினாலும் பரவாயில்லை என்றால், இலக்கிலேயே கண் வைத்த அர்ச்சுனன் எளிதாக வென்றிருப்பானே?

தகுதிச் சுற்றே சந்தேகம். பறவையின் கண் மட்டும் தெரிந்த அவனைத் துரோணர் மெச்சினார், ஆனால் பிஸ்டலிலோ குழல் முனையில் நிற்கும் சிறு தகடாகிய முன்குறி துல்லியமாகவும் இலக்கு மங்கலாகவும் தெரிய வேண்டும், ஏனெனில் முன்குறி இம்மி விலகினாலும் இலக்கில் அது பெரும்பிழையாகும். மனத்துக்கும் இதே விதிதான்: 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் துப்பாக்கி பழுதுபட்டுத் தகுதிச் சுற்றோடு வெளியேறிய இந்திய வீராங்கனை மனு பாக்கர், 2024இல் பாரிசில் தனிநபர் பிரிவிலும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு இணைப் பிரிவிலும் வெண்கலம் வென்றபோது, முடிவை எண்ணாமல் செயலில் மட்டும் நிற்க உதவியதாகச் சொன்னது கீதையை. அர்ச்சுனனுக்கும் அந்தப் பாடம் துரோணரிடம் கிடைக்கவில்லை, தேரோட்டியிடம்தான் கிடைத்தது.