குட்டிக் கூலரியல்: உயர அதிகாரம்

கூலராவது பிராசசரின் தலைமேல் அமர்ந்து அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. சண்டையெல்லாம் அது எவ்வளவு உயரத்துக்குள் அமர வேண்டும் என்பதில்தான். 17 செ.மீ. சதுர மினி-ஐடிஎக்ஸ் போர்டைக் குட்டிக் கேபினட்டில் பூட்டி வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டுவோருக்காக எழுந்தது இவ்வதிகாரம். மேசைக்கடியில் பீரோ போன்ற டவர் வைத்திருப்போர் இதைப் படிக்கத் தகுதியுடையவர் அல்லர்.

சூடே முதல், உயரம் பிறகு என்பார் ஒரு சாரார். இவர்கள் பிராசசர் விவரத்தில் உள்ள 65 வாட்டை வேதவாக்காகக் கொள்வர். அது பொருந்தாது. அந்த எண் வருமான வரிக்காரரிடம் காட்டும் வருமானம் போன்றது. ரைசன் 5 7600 அதே 65-ஐ வைத்துக்கொண்டு 88 வாட் வரை இழுக்கும். இன்டெல் ஐ5-12400 டர்போ வேகத்தில் 117 வரை போகும்.

உயரமே முதல் என்பதே நம் துணிபு. சூடு மிகுந்தால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உயரம் மிகுந்தால் மூடி மூடாது. டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் என்னும் கேபினட் கூலருக்கு விட்டிருக்கும் இடம் 48 மில்லிமீட்டர். நாக்டுவா எல்9 வகை 37 மி.மீ., ஹீட் பைப் இரண்டு. தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 பெயரிலேயே உயரத்தைச் சொல்லிவிடும்; ஹீட் பைப் நான்கு. பின்னதைப் பூட்டினால் மிஞ்சுவது ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்த இடுக்கைக் குறை என்பாரும் உளர். மூடியில் ஓட்டைகள் நிறைய இருந்தால் அது நிறையே: ஃபேன் வெளிக்காற்றை நேராக இழுக்கும். இடைவெளி அதிகமானால்தான் தான் ஊதிய சூட்டையே திரும்பக் குடிக்கும். ஓட்டையில்லாத தகடாயின் ஃபேனுக்கு மூச்சு முட்டும். அங்கே 37-ஏ சிறந்தது என்க.

கூலர்களை ஒப்பிட்டு வரும் சோதனைகள் பெரும்பாலும் இருபத்திரண்டு டிகிரி அறையில் நடப்பவை. எந்தக் காற்றுக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. அறை எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் பிராசசரிலும் ஏறும். அங்கே 75 என்று கண்டது சென்னையில் அக்னி நட்சத்திரத்து 35 டிகிரி அறையில் 88 ஆகும். 7600-இன் எல்லை 95. ஆகவே இங்கே கூலர் வாங்கும் மாதமும் ஆய்வுக்குரியது. மார்கழியில் சோதித்து மகிழ்ந்தவர் சித்திரையில் ஃபேனின் அலறலைக் கேட்பார். சிறிய ஃபேன் வேகமாகச் சுற்றித்தான் பிழைக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் ஓசை சுமார் 15 டெசிபெல் கூடும்.

இனி பேஸ்ட். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் 400 என்றால் காற்றினுடையது 0.026. இரண்டு உலோகங்களுக்கிடையே சிக்கிய காற்றை விரட்டவே பேஸ்ட். 'பட்டாணி அளவு வைக்க' என்பது மரபு. எந்தப் பட்டாணி? பச்சையா, உலர்ந்ததா, இரவெல்லாம் ஊறியதா? நூல்கள் மௌனம் சாதிக்கின்றன. மளிகைக் கடையில் விசாரித்ததில் மூன்றும் வெவ்வேறு அளவு என்று தெரியவந்தது. அதிகமானால் ஓரத்தில் பிதுங்குமே தவிர, பெரும்பாலும் கெடுதல் இல்லை. கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது: கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். அதை உரிக்காமலே நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டு, பட்டாணியின் அளவைப் பற்றி வாதிடுவோர் உளர்.

105 வாட் ரைசனை வாங்கி, பயாஸில் ஈகோ மோடை அழுத்தி 65-க்கு இறக்கி, கையில் கிடைத்த குட்டிக் கூலரையே பூட்டிவிடும் ஒரு கூட்டமும் உண்டு. வேகத்தில் சிறிதே இழந்து ஓசையில் பெரிதும் தப்பிவிடுகின்றனர். இவர்களை இத்துறை அறிஞராக ஏற்பதில்லை. அவர்கள் விண்ணப்பிக்கவும் இல்லை.