ஆள்காட்டி விரலுக்கு எத்தனை குதிரைத்திறன்?

கேள்வி: விசைப்படகில் வலை இழுக்கிற கை என்னுடையது. ஆனால் கித்தாரில் ஆள்காட்டி விரலை ஆறு தந்திகள் மேலும் படுக்கவைத்து ‘பார்’ பிடித்தால் பாதித் தந்தி ஊமை. ஹவாய்க்காரர்களின் ‘ஸ்லாக் கீ’ பாணிக்கு மாறினால் தப்பிக்கலாமா?
– மீனவ வாசகர், ஜெகதாப்பட்டினம்

பதில்: சீலா மீனே பயப்படும் கைக்குத் தந்தி பயப்படவில்லை என்றால் கோளாறு பலத்தில் இல்லை. விரல் மடிப்புகளில் தந்தி புகுந்து ஒளிந்துகொள்கிறது. விரலைச் சற்றே பக்கவாட்டில் உருட்டி, எலும்பு விளிம்பால் அழுத்துங்கள். கட்டைவிரலால் நசுக்க வேண்டாம். கையின் எடையே தந்தியைப் பின்னுக்கு இழுக்கட்டும். முதல் மெட்டில் (ஃபிரெட்) ‘எஃப்’ கார்டு பிடித்து அழுவானேன்? தந்தி அதிகம் முரண்டு பிடிக்கும் இடம் அது. ஐந்தாம் மெட்டில் தொடங்குங்கள். கடலில் ஊறிய கையோடு மட்டும் உட்காராதீர்கள். மெத்தென்ற தோலைத் தந்தி அறுத்துவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, பயிற்சிக்கு அதுவே சீசன்!

ஸ்லாக் கீயில் தந்திகளைத் தளர்த்தி டி-ஜி-டி-ஜி-பி-டி என்று சுருதி சேர்ப்பது பரவலான வழக்கம். இடக்கை சும்மா இருந்தாலே ‘ஜி’ கார்டு. ஒரே விரலை ஐந்தாம் மெட்டில் படுக்கவைத்தால் ‘சி’, ஏழில் ‘டி’. ஹவாய் கித்தார் கலைஞர் கேபி பஹினுயி 1946-ல் இசைத்தட்டில் ஏற்றிய பாணி இது. ஆனால் தளர்ந்த தந்தியை உங்கள் பலத்தோடு அழுத்தினால் சுருதி எகிறும், ஜாக்கிரதை.

மெட்டே வேண்டாமென்றால் நம் கோட்டுவாத்தியம் இருக்கிறது. தந்திமேல் கட்டையை வழுக்கவிட்டால் போதும். விரல் வலிக்காது. சுருதி பிடிபடும்வரை அக்கம்பக்கத்தாருக்குத்தான் காதுவலி.