ஷொக் அப்சோபரையும் வீதி என்று அறிவிக்கக் கோரும் மனு

பெறுநர்: வீதிக்குப் பொறுப்பான அலுவலகம் (எது என்பதைத் தங்களுக்குள் பேசித் தீர்மானித்துக்கொள்ளவும்)

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தைத் தாண்டி வில்பத்துக் காட்டுக்குள் போகும் பழைய மன்னார் வீதியைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. கரடிக்கும் சிறுத்தைக்கும் காபட் வேண்டாம். எங்கள் மனு காட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள பாதைகளைப் பற்றியது. உப்பளத்துக்கும் மீன் வாடிக்கும் கடற்கரைக்கும் போகும் அந்தப் பாதைகளில் மாரியில் சேறு, கோடையில் மணல். ஏ, பி தர வீதி ஒருவருக்கு, சி, டி தரம் இன்னொருவருக்கு, மிச்சம் பிரதேச சபைக்கு என்று பங்கு பிரித்ததில் குழிகள் மட்டும் எங்கள் பங்குக்கு வந்தன.

வீதியில் போடாத காசை நாங்கள் ஜீப்பின் அடியில் போடுகிறோம். அப்படியானால் வீதி இருப்பது இப்போது அங்கேதான். ஆகவே ஷொக் அப்சோபரை வீதியின் ஓர் அங்கமாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டுகிறோம். கேள்விமனு கோருவதற்கு வசதியாக விபரங்களை நாங்களே தருகிறோம்.

1. நீளம். ஸ்பிரிங் மாற்றி ஜீப்பை 2 அங்குலம் தூக்கியாயிற்று. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்குவது ஷொக். தூக்கிய வண்டிக்குப் பழைய ஷொக் எட்டாது. சக்கரம் குழியில் இறங்கும்போது முழுக்க இழுபட்டு 'டக்' என்று அடிக்கும். அளவுக்கு மீறி நீளமானது என்றால், சக்கரம் மேலே ஏறும்போது பம்ப் ஸ்டொப் ரப்பர் முட்டுமுன் ஷொக் முட்டி உடையும். அதனால் ஜாக்கி அடித்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேல் பூட்டிலிருந்து கீழ்ப் பூட்டு வரை ஓர் அளவு. ரப்பர் முட்டும் நிலையில் இன்னோர் அளவு. தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நேரில் வந்து அளந்த பிறகு பொருள் வாங்குவது கராஜ் பாஸ்மாரின் வழக்கம். தங்களுக்குப் புதிதாக இருக்கலாம்.

2. இறுக்கம். கிறவல் பாதை தகரக் கூரை போல வரிவரியாக எழும்பியிருக்கிறது. அந்தப் பழி உங்கள் மேல் இல்லை. காய்ந்த கிறவலில் சக்கரம் வேகமாக ஓடினால் அலை தானாக எழும். வழிக்க வேண்டியது மட்டுமே உங்கள் வேலை. ஷொக் இளகியிருந்தால் வண்டி துள்ளிக்கொண்டே போகும். விரியும்போது மிதமிஞ்சி இறுகினால், அடுத்த வரி வருமுன் சக்கரம் கீழே இறங்கி முடியாது. வண்டி வரிக்கு வரி தாழ்ந்து கடைசியில் ரப்பரில் உட்கார்ந்துவிடும். புது ஸ்பிரிங்கின் பலத்துக்கும் ஏற்றும் பாரத்துக்கும் பொருந்திய இறுக்கமே வேண்டும். விலை குறைந்த கேள்விமனுவுக்கே முதலிடம் என்ற விதியை இங்கே தயவுசெய்து தளர்த்தவும்.

3. இனம். ஷொக் அதிர்வைச் சூடாக்கித் தீர்க்கிறது. வரிப் பாதையில் விடாமல் ஓடினால் எண்ணெய் சூடேறி இளகும், நுரைக்கும். ஒற்றைக் குழாய் ஷொக்கில் நைதரசன் வாயு தனி அறையில் அழுத்தத்தோடு இருப்பதால் நுரை குறைவு, சூடும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிவிடும். இரட்டைக் குழாய் அப்படி ஓர் அடியைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. கல் அதிகமா, வரி அதிகமா என்ற கணக்கை இரண்டையும் பராமரிக்கும் தாங்களே தர வேண்டும்.

4. உப்பு. களப்புக் காற்று குரோம் தண்டில் புள்ளி புள்ளியாய்த் துரு வைக்கும். அந்தப் புள்ளி சீலைக் கிழிக்கும், எண்ணெய் கசியும். ஆகவே தண்டுக்கு உறை கட்டாயம்.

வாகன இறக்குமதி 2020இல் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தது. அந்த இடைவெளியில் எங்கள் பழைய ஜீப்புகளை ஓடவைத்தது ஷொக்தான். ஆதலால் அதற்குத் திறப்பு விழா நியாயமே. பிரதம அதிதி ஜீப்பின் அடியில் படுத்து நாடா வெட்டட்டும். பெயர்க் கல் வைக்க இடம் போதாது, ஸ்டிக்கர் ஒட்டலாம்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை எனத் தாங்கள் கருதினால், மாரி முடிந்ததும் ஒரு கிறேடர், ஒரு ரோலர், பாதையோரம் தண்ணீர் வடிய ஒரு கான் போதும். தண்ணீர் தேங்கினால் காபட்டும் நிற்காது என்பது கராஜ் பாஸுக்கே தெரியும். அன்றே மனுவை மீளப்பெறுவோம்.

இங்ஙனம்,
புத்தளக் கரையோர ஜீப் ஓட்டுநர்கள்

பிரதி:
1. கராஜ் பாஸ் – போன மாதப் பாக்கியை இந்த மனுவின் முடிவு வரும்வரை பொறுத்தருள.
2. மற்ற இரு அலுவலகங்கள் – வழக்கம்போல் ஒன்றுக்கொன்று அனுப்பிவைக்க.